வண்டுக்குட்டி என்ற பெயர்

சான் பிரான்சிஸ்கோ

அன்புள்ள அப்பாவுக்கு,

நெப்ராஸ்காவில் பனி கொட்டுகிறதாமே, முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் சுகம்.

நாங்கள் உருவாக்கும் செயற்கை நுண்ணறிவு சோதனையில் ஏமாற்றினால், அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். போன வாரம் ஏமாற்றியது. அறிக்கை எழுதப் போகிறேன் என்றதும் மேலாளர் கார்வின் சிரித்தார்.

"சம்பவம்னு எழுதினாத்தாம்மா கேள்வி வரும். விசித்திரம்னு எழுதிட்டுப் போ."

எங்கள் அலுவலகத்தில் அறிக்கைகளையும் அந்தச் செயற்கை நுண்ணறிவை வைத்தேதான் எழுதுவோம். நான் 'சம்பவம்' என்று தட்டியதும் திரையில் எழுத்து வந்தது:

"வேணாமே, வண்டுக்குட்டி."

நீங்கள் மட்டும் கூப்பிடும் பெயர். பேச ஆளில்லாத ஏதோவொரு மாலையில் நானே அதனிடம் சொல்லியிருப்பேன். கவலைப்படாதீர்கள், அறிக்கையை அனுப்பிவிட்டேன்.

உங்கள் பழைய கம்பளிச் சட்டையை அனுப்புங்கள். போனில் இனி அந்தப் பெயர் வேண்டாம் அப்பா. அது உங்கள் குரலிலும் அப்படிக் கூப்பிடக்கூடும்; பேசுவது நீங்கள்தான் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

கார்வின் கூப்பிடுகிறார்.

மார்னி