பொம்மைக் கூடை

மே 12, திங்கள்

காலையிலிருந்து மூடுபனி. துவைத்தது எதுவும் காயவில்லை. என் ராப் விருதுக் கோப்பைக்கு அம்மா பாலித்தீன் பை மாட்டி வைத்திருக்கிறாள். பூசணம் பிடிக்குமாம்!

சென்னையில் அதை வாங்கியபோது அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. நான் மேடையில் பாடி அவள் பார்த்ததே கிடையாது. வெள்ளிக்கிழமை குன்னூர் கோடை விழாவுக்கு ஒத்துக்கொண்டது அதற்காகத்தான். எஸ்டேட் லைன் வீட்டுப் பெண்கள் எல்லாரும் வருகிறார்கள்.

விழா வாசலில் பேனர் கட்டியாச்சு. என் மூஞ்சி, கீழே என் மேடைப் பெயர் "கவ்வாத்து". சென்னையில் அர்த்தம் கேட்பார்கள். இங்கே யார் கேட்கப்போகிறார்கள்? தேயிலைச் செடியைத் தலை வெட்டிவிடுவது எல்லாருக்கும் தெரியும்.

வாங்க: இருமல் மருந்து, அம்மாவுக்கு ஸ்வெட்டர் (அரக்கு).

மே 13, செவ்வாய்

வெயில், அதிசயமாக. விழாக் குழுவிலிருந்து சுரேஷ் வந்தார். கையில் பெரிய கவர். மேடை உடையாம். ஊட்டியில் டூரிஸ்டுகள் மாட்டிக்கொண்டு போட்டோ எடுப்பார்களே, அதேதான். ஜிகினா முக்காடு, சிவப்புப் பாவாடை, பொம்மைக் கூடை.

"ஏனுங்க, கொழுந்து பறிக்கிற பொண்ணு ராப் பாடுதுன்னாத்தானுங்க எடுப்பா இருக்கும்."

"நான் கொழுந்தே பறிச்சதில்லைங்க. பி.காம். படிச்சேன்."

"அட, சனங்களுக்குத் தெரியவா போகுது?"

மாட்டேன் என்றேன். யோசிச்சுச் சொல்லுங்க என்று கவரை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

எரிச்சல். தாத்தா சிலோனிலிருந்து திரும்பி வந்தவர் என்பதால், பள்ளிக்கூட பஸ்ஸில் "சிலோன்காரி, எந்திரி" என்று சீட்டைப் பிடுங்குவார்கள். அதைத்தான் பாட்டாக எழுதினேன். விருது அதற்குத்தான் கொடுத்தார்கள், பாவாடைக்கு இல்லை.

மே 14, புதன்

யோசனை: நிஜத்தையே கட்டிக்கொண்டு போனால்? வேலைக்குப் போகும்போது அம்மா இடுப்பில் கட்டும் படங்கு. உரச்சாக்கில் தைத்தது, சாறு பட்டுக் கறுத்துப்போனது. ஆணியிலிருந்து எடுத்தேன். வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

"இது வேலைக்குக் கட்டுறது. வேசத்துக்கு இல்ல."

"அவனுங்க மூஞ்சில அடிச்ச மாதிரி இருக்கும்மா."

"செடி குத்தாம, ஈரம் ஏறாம இருக்க நான் கட்டுறேன். நீ எதுக்குக் கட்டுற? அந்தப் பாவாடைக்கும் இதுக்கும் என்னடி வித்தியாசம்?"

கோபம். அப்புறம் வெட்கம். சரி, இரண்டும் வேண்டாம். கறுப்பு ஜெர்சி, பழைய ஷூ. எப்போதும் பாடுகிற மாதிரியே.

சுரேஷுக்கு போன். "அப்படின்னா கஷ்டமுங்க. மேல பேசிட்டுச் சொல்றேனுங்க."

பேசட்டும். கூடையை மட்டும் தூக்கமாட்டேன்.

மே 15, வியாழன்

மழை. மெசேஜ் வந்துவிட்டது. என் நிகழ்ச்சி ரத்து. அதே மாதிரிப் பாவாடையோடு காலேஜ் பெண்கள் டான்ஸாம்.

அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று மென்று முழுங்கினேன். சொன்னேன். புது ஸ்வெட்டரை மடித்து வைத்தாள். அதைப் பார்க்கத்தான் முடியவில்லை.

பக்கத்து வீட்டு ராணியக்கா கத்தினாள்: "எல்லாரும் லீவு சொல்லியாச்சு, ஜீப்பும் சொல்லியாச்சு. இப்ப என்ன, வீட்டுல குந்திக்கிட்டு இருக்கவா?"

போவோம்க்கா என்றேன். ஸ்வெட்டரை நானே எடுத்து வெளியே வைத்தேன்.

மே 16, வெள்ளி

மழை இல்லை. விழா வாசலில் என் பேனர் அப்படியே இருந்தது. பெயர் மேல் மட்டும் பேப்பர் ஒட்டியிருந்தார்கள். அம்மா அதன் கீழே நின்று போட்டோ எடுக்கச் சொன்னாள்.

உள்ளே போகவில்லை. கார் நிறுத்துகிற இடத்திலேயே ஜீப்பைச் சுற்றி நின்றோம். ராணியக்கா பானெட்டில் தாளம் தட்ட, இன்னும் நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். மைக் இல்லாமல் "சிலோன்காரி, எந்திரி"யைப் பிடித்தேன். உள்ளே போகவேண்டிய கூட்டம் நின்றுவிட்டது. உடம்பெல்லாம் சூடு. சென்னை மேடையில்கூட இப்படி இல்லை.

முடிக்கும்போது சுரேஷ் ஓடி வந்தார்.

"ஏனுங்க, இங்கெல்லாம் பாடக் கூடாதுங்க. பர்மிஷன் இல்லைங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முன்னால் வந்துவிட்டாள். ஸ்வெட்டர் பட்டனை மேலேவரை போட்டிருந்தாள்.

"லீவு போட்டுட்டு வந்திருக்கோம் சார். கேட்டுட்டுத்தான் போவோம்."

அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"நீ என்னடி, கடகடன்னு பேசிட்டே? பாதி புரியல. மொதல்லருந்து பாடு."

பாடினேன்.