என் வண்டி எண், பதினேழு முறை

மார்ச் 3, செவ்வாய்

மாநகராட்சியின் சாலைப் பொறியாளர் இன்று என் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வந்தார். சின்னப் பெண், என் மகள் வயதுதான் இருக்கும். கையில் சுருட்டிய வரைபடம். பிரேம்கள் அடுக்கியிருக்கும் கண்ணாடிப் பெட்டியின் மேல் விரித்து, நாலு முனையிலும் என் நாலு கண்ணாடிக் கூடுகளையே பாரம் வைத்துக்கொண்டார்.

நம் தெருவில் இரண்டு பக்கமும் சேர்த்து நாற்பத்தொரு கார் நிறுத்தலாம். அதில் கடைப்பக்க வரிசையை அப்படியே எடுத்துவிட்டு சைக்கிள் தடம் போடப் போகிறார்களாம். பச்சை நிறத்தில். கடைப்பக்கம் என்றால் என் பக்கம்.

"என்கிட்ட வர்றவங்கள்ல பாதிப் பேருக்குக் கண்ணு தெரியாது, மீதிப் பேருக்கு முழங்கால் வலி. சைக்கிள்லயாம்மா வருவாங்க?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "உங்ககிட்ட வர்றவங்க வண்டி எங்க நிக்குதுன்னு எப்பவாவது எண்ணிப் பார்த்திருக்கீங்களா சார்?" என்று கேட்டார். இருபத்தாறு வருஷமாகக் கடை நடத்துகிறவனைப் பார்த்து! ஒரு பிரேமைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் போன பிறகு மனைவி சொன்னாள்: "கேட்டதுல தப்பொண்ணும் இல்லையே." இவள் யார் பக்கம்?

மார்ச் 5, வியாழன்

வணிகர் சங்கக் கூட்டம். மச்சானின் செருப்புக் கடை மாடியில், அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே. மச்சான், அதாவது மனைவியின் அண்ணன்தான், சங்கத் தலைவர். நான் செயலாளர். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்ற ஒரே தகுதியில் எட்டு வருஷமாக அந்தப் பதவியில் இருக்கிறேன்.

"அவங்க எண்ணுறதுக்கு முன்னாடி நாமளே எண்ணிடுவோம். ஒரு நாள் முழுக்க. அரை மணிக்கு ஒரு தடவை நம்பர் குறிச்சு, மாநகராட்சிக் கூட்டத்துல மாப்ள படிக்கட்டும்" என்றார் மச்சான். எல்லோரும் தலையாட்டினார்கள். அப்புறம் பேக்கரிக்காரர் ஒரு சந்தேகம் கிளப்பினார். அன்றைக்குப் பார்த்துத் தெரு காலியாகக் கிடந்தால்? அதுதான் எல்லோருடைய பயமும். உடனே முடிவாயிற்று: பன்னிரண்டாம் தேதி ஒரு இடம்கூடக் காலியாகத் தெரியக் கூடாது, அவரவர் வீட்டில் இருக்கும் வண்டியெல்லாம் வந்துவிட வேண்டும்.

இது எங்களுக்குப் புதிய வேலையும் இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒரே இடத்தில் நிறுத்தக் கூடாது என்பது சட்டம். நாங்கள் பதினொரு மணிக்கும் ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் வெளியே வந்து, ஒருவர் இடத்தை இன்னொருவர் மாற்றிக்கொள்வோம். எவ்வளவு நேரமாக நிற்கிறது என்று பார்க்கப் பார்க்கிங் ஆய்வாளர் டயரில் போட்டுவிட்டுப் போகும் சாக்பீஸ் கோட்டை ஈரத் துணியால் துடைப்போம். இதெல்லாம் எந்தக் குறிப்பேட்டிலும் ஏறியதில்லை. இதில் ஏறட்டும்.

மார்ச் 12, வியாழன்

அமோக வெற்றி.

ஏழு மணிக்கே தெரு நிரம்பிவிட்டது. பேக்கரிக்காரர் தன் வண்டியோடு தம்பியின் வேனையும் கொண்டுவந்து நிறுத்தினார். மச்சான், வீட்டில் நாலு வருஷமாகத் தூசி பிடித்துக் கிடந்த பழைய வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டே வந்துவிட்டார். பேட்டரியே கிடையாது. என்னுடையது வழக்கம்போல் கடை வாசலில். இன்று மட்டும் இடமாற்றமே வேண்டாம் என்று முடிவு. எல்லோரும் ஒரே நேரத்தில் வண்டியை எடுத்தால் காலி இடம் தெரிந்துவிடுமே.

ஒன்பது மணியிலிருந்து ஐந்து மணி வரை அரை மணிக்கொரு தடவை நான் தெருவைச் சுற்றி வந்து எண்களைக் குறித்தேன். நாற்பத்தொரு இடத்துக்கு நாற்பத்தொரு வண்டி. மச்சான் மாடி ஜன்னலில் நின்று கட்டை விரலைக் காட்டினார்.

வியாபாரம்தான் இல்லை. நாள் முழுக்க மூன்று பேர். ஒருவர் நடந்து வந்தார், இரண்டு பேர் பஸ்ஸில். "இன்னைக்கு ஏங்க இப்படி ஈ ஓட்டுறோம்?" என்றாள் மனைவி. வியாழக்கிழமை அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 14, சனி

மச்சான் வண்டியைத் திரும்ப இழுத்துப் போகக் கட்டிய கயிறு அறுந்துவிட்டது. இன்னும் தெருவில்தான் நிற்கிறது. எல்லோரும் சிரித்தோம்.

மார்ச் 16, திங்கள்

டீச்சர் வந்தார். மகன் கையைப் பிடித்துக்கொண்டு.

ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். கடை திறந்த வருஷத்திலிருந்து என்னிடம்தான் கண்ணாடி. கனமான மைனஸ் பவர். அப்படிப்பட்ட கண்ணில் விழித்திரை மெலிந்திருக்கும், கிழியக் கூடும். அதனால் போன வருஷமே சொல்லியிருந்தேன்: "கண்ணுக்குள்ள மின்னல் மாதிரி வெட்டினாலோ, பூச்சி பறக்கிற மாதிரி தெரிஞ்சாலோ ஒரு நாள்கூடத் தள்ளாதீங்க டீச்சர். நேரா இங்க வந்துடுங்க." நான்தான் சொன்னேன். இங்கே வாருங்கள் என்று.

"இடது கண்ணுல கீழேருந்து கறுப்பா ஏறுது தம்பி" என்றார்.

எப்போதிலிருந்து என்று கேட்டேன். மகன்தான் சொன்னார்: "புதன்கிழமை சாயங்காலமே மின்னல் வெட்டுதுன்னாங்க. மறுநாளே கூட்டிட்டு வந்தேன். மூணு சுத்து சுத்தினோம் சார், நிறுத்த இடமே இல்ல. இறக்கிவிடலாம்னு நின்னா பின்னாடி பஸ் ஹாரன் அடிக்குது. எனக்கும் வேலைக்கு நேரமாச்சு. அம்மாவும் இப்பப் பரவால்லன்னாங்க."

மறுநாள். புதனுக்கு மறுநாள் வியாழன்.

சோதனைக்கெல்லாம் உட்காரவில்லை. கண் மருத்துவமனைக்கு போன் போட்டுச் சொல்லி, உடனே அனுப்பி வைத்தேன். அவர்கள் வண்டி அடுத்த தெருவில் இருந்தது. டீச்சர் மெதுவாக நடந்து போனார். வாசலில் என் வண்டி நின்றது. அதைச் சுற்றிக்கொண்டுதான் போனார்.

மார்ச் 18, புதன்

அறுவை சிகிச்சை முடிந்தது. அங்கிருக்கும் டாக்டர் எனக்குப் பழக்கம். ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறவர். விழித்திரையை ஒட்ட வைத்துவிட்டார்களாம், ஆனால் நடுப்பகுதி ஏற்கெனவே பிரிந்துவிட்டிருந்ததாம். "வியாழக்கிழமையே வந்திருந்தா லேசர்லயே முடிஞ்சிருக்கும். இனிமே அந்தக் கண்ணுல வெளிச்சம் தெரியும், ஆள் நிழல் தெரியும். படிக்க முடியாது" என்றார்.

சாப்பிடப் பிடிக்கவில்லை. தலைவலி என்று சொல்லி எழுந்துவிட்டேன்.

மார்ச் 19, வியாழன்

கூட்டத்துக்காக நல்ல பிரதி எடுக்க உட்கார்ந்தேன். இடது ஓரத்தில் இட எண், மேலே நேரம். கட்டம் கட்டமாக நகல் எடுத்தேன். பத்தாவது வரிசையில் கை நின்றுவிட்டது.

என் கையெழுத்தில், என் வண்டி எண். ஒன்பது மணி, ஒன்பதரை, பத்து... ஐந்து மணி வரை. பதினேழு முறை. அழகாக, அடித்தல் திருத்தல் இல்லாமல்.

எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தொன்றில் முப்பத்து மூன்று எங்களுடையவை. காலையிலிருந்து மாலை வரை அசையாமல் நின்றவை. மிச்சம் எட்டு இடத்தை வைத்துக்கொண்டு மொத்த ஊரும் சுற்றியிருக்கிறது. சரி, அது ஒரு நாள் கூத்து. மற்ற நாளில்? விரல் விட்டுப் பார்த்தேன். மற்ற நாளிலும் பாதிக்குப் பாதி நாங்கள்தான். இடம் மாற்றி மாற்றி நிறுத்துவதால் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். நான் கண் பரிசோதிக்கிறவன். இதை எங்கே போய்ச் சொல்வது?

அந்தப் பொறியாளர் கேட்டது இதைத்தானே.

மார்ச் 22, ஞாயிறு

மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். துடைத்துக்கொண்டிருந்த தட்டைக் கீழே வைத்தாள். பிறகு, "அன்னைக்கு நான் உள்ளதானே இருந்தேன். ஒரு தடவை வெளியே எட்டிப் பார்த்திருந்தாக்கூட டீச்சர் வண்டியக் கண்டுபிடிச்சிருப்பேன்" என்றாள். தன் மேல் பழி போட்டுக்கொள்கிறாள். அது எனக்கு இன்னும் வேதனையாக இருந்தது.

"கூட்டத்துல என்ன படிக்கப் போறீங்க?"

தெரியவில்லை என்றேன்.

"எதைப் படிச்சாலும் முதல்ல அண்ணன்கிட்ட சொல்லிட்டுப் படிங்க. முதுகுக்குப் பின்னாடி செய்யாதீங்க."

மார்ச் 24, செவ்வாய்

மச்சானிடம் போனேன். ஒரு வாடிக்கையாளரின் காலுக்கு ஷூ மாட்டிக்கொண்டிருந்தார், அது முடியும் வரை காத்திருந்தேன். சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை, டீச்சரைப் பற்றிக் கேட்டதும் முகம் வாடிப்போயிற்று. அவருக்கும் டீச்சரைத் தெரியும்.

ஆனால், "அது விதி மாப்ள. அதுக்கும் தெருவுக்கும் முடிச்சுப் போடாதீங்க. வரிசையை எடுத்துட்டா என் கடை ஒரு வருஷம் தாங்காது. கண்ணாடி வேணும்னா உங்ககிட்ட மலையேறியும் வருவாங்க, எனக்கு அப்படியா?" என்றார்.

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதுதான் சங்கடம். அந்தச் சைக்கிள் தடத்தை நான் மட்டும் விரும்புகிறேனா என்ன?

"உண்மையான கணக்கைப் படிக்கப் போறேன் மச்சான்."

"படிச்சுட்டு இந்தப் பக்கம் வராதீங்க" என்றார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை.

மார்ச் 31, செவ்வாய்

மாநகராட்சிக் கூட்டம். ஆளுக்கு மூன்று நிமிடம். என் முறை வந்தது. எழுதி வைத்திருந்த முன்னுரையை விட்டுவிட்டு நேராக எண்ணிக்கைக்குப் போனேன். நாற்பத்தொரு இடம், நாற்பத்தொரு வண்டி, நாள் முழுக்க நிரம்பியிருந்தது. பின் வரிசையில் கை தட்டினார்கள்.

"இதுல முப்பத்து மூணு வண்டி கடைக்காரங்களோடது. வேணும்னே கொண்டுவந்து நிறுத்தினோம். பத்தாவது இடத்துல நின்னது என்னோடது."

கை தட்டல் நின்றது. யாரோ சிரித்தார்கள். தலைமை தாங்கியவர் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார், சொன்னேன். கடைப்பக்கம் பத்து இடமாவது, அரை மணி நேரக் கெடுவோடு, அதில் நடக்க முடியாதவர்கள் இறங்க இரண்டு இடம் வாசலை ஒட்டி — அதையாவது விட்டு வையுங்கள் என்று கேட்டேன். எங்கள் வண்டிகள் பின்தெரு மைதானத்துக்குப் போகட்டும். மூன்று நிமிடம் முடிந்துவிட்டது.

டீச்சரைப் பற்றிச் சொல்லவில்லை. அவர் கண்ணை எடுத்து என் பேச்சுக்கு வலுச் சேர்க்க எனக்கு வாய் வரவில்லை. அப்படித்தான் நினைத்தேன். இப்போது எழுதும்போது தோன்றுகிறது — பயமாகக்கூட இருந்திருக்கலாம்.

வெளியே வந்தபோது மச்சான் வண்டி கிளம்பிப் போய்விட்டிருந்தது. நானும் மனைவியும் அவரோடுதான் வந்திருந்தோம். பஸ்ஸில் வீடு திரும்பினோம்.

ஏப்ரல் 6, திங்கள்

செயலாளர் பதவி பேக்கரிக்காரருக்கு. அவர் கையெழுத்தை அவராலேயே படிக்க முடியாது.

ஜூன் 17, புதன்

மாநகராட்சியின் முடிவு வந்துவிட்டது. கடைப்பக்கம் ஒன்பது இடம் இருக்கும், அதில் இரண்டு நடக்க முடியாதவர்களுக்கு. மீதி சைக்கிள் தடம். நான் கேட்டதில் ஒன்று குறைவு. பொறியாளர் நேரில் வந்து சொன்னார். தண்ணீர் கொடுத்தேன், குடித்தார். "அன்னைக்கு நீங்க பேசலேன்னா அந்த ஒன்பதும் இருந்திருக்காது சார்" என்றார். மச்சானிடம் போய் இதைச் சொல்லுங்களேன் என்று வாய் வரை வந்தது.

மனைவி அண்ணன் வீட்டுக்குத் தனியாகத்தான் போய் வருகிறாள். எனக்கு அங்கிருந்து எதுவும் வருவதில்லை, வசவுகூட.

செப்டம்பர் 2, புதன்

பச்சைப் பெயின்ட் காய்ந்துவிட்டது. பார்க்கச் சகிக்கவில்லை. காலையில் கடையிலிருந்து வெளியே காலை வைத்தேன், ஒரு சைக்கிள்காரன் உரசிக்கொண்டு போனான், என்னையே முறைத்தான். பின்தெருவில் நிறுத்திவிட்டு ஏழு நிமிடம் நடந்து வருகிறேன். "உங்க மூத்த தாரத்த விட்டுட்டு இவ்வளவு தூரம் நடக்கறீங்களே" என்று மனைவி வண்டியைச் சொல்லிக் கிண்டல் செய்கிறாள்.

வியாபாரம் கூடியதா குறைந்ததா என்று இன்னும் சொல்லத் தெரியவில்லை. மச்சான் கடையில் கூட்டம் குறைவுதான். அந்தப் பக்கம் பார்க்காமல்தான் நடக்கிறேன்.

செப்டம்பர் 24, வியாழன்

மச்சான் வந்தார். ஆறு மாதம் கழித்து. கண்ணாடியின் ஒரு காது கழன்றிருந்தது. மேசை மேல் வைத்தார். நான் திருகாணி போட்டு, துடைத்து, நீட்டினேன். மாட்டிக்கொண்டு மூக்கைச் சுருக்கிப் பார்த்தார். "ம்" என்றார். போய்விட்டார்.

ஊரில் வேறு கண்ணாடிக் கடை இல்லாமலா?

அக்டோபர் 19, திங்கள்

டீச்சர் இன்று புதுக் கண்ணாடிக்கு வந்தார். மகன் வாசலிலேயே நிறுத்தி இறக்கிவிட்டார். கதவைத் திறக்க நானே ஓடினேன்.

வலது கண்ணைப் பரிசோதித்து முடித்தேன். இடது கண்ணுக்கு விளக்கைக் காட்டியபோது, "வெளிச்சம் இருக்கு தம்பி. இது உங்க கையா? நிழல் தெரியுது" என்றார். விளக்கை அணைத்தேன். இருட்டு அறை. இதைவிட்டால் எப்போதும் சொல்ல மாட்டேன் என்று தெரிந்தது.

"டீச்சர், அன்னைக்கு நீங்க வந்தப்போ வாசல்ல நின்னது என் வண்டி. வேணும்னுதான் நிறுத்தியிருந்தேன். நாங்க எல்லாருமே" என்று ஆரம்பித்து முழுவதையும் சொன்னேன். குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

மடியிலிருந்த பழைய கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"உங்க வண்டிதான்னு அன்னைக்கே தெரியும் தம்பி" என்றார். "மூணு சுத்துலயும் பார்த்தேனே. அதைப் பார்த்துத்தான் நிம்மதியாப் போனேன். வண்டி நிக்குது, தம்பி உள்ளதான் இருக்கார், எங்க போயிடப் போறார், அப்புறம் வந்துக்கலாம்னு."

பிறகு அவரே, "விளக்கப் போடுங்க, பிரேம் பார்க்கணும்" என்றார். மனைவி எடுத்துக் கொடுத்த ஆறில் நாலை வேண்டாம் என்றார். மெரூன் நிறத்தில் ஒன்றை எடுத்துக்கொண்டார். மன்னித்தாரா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

சாயங்காலம் கண்ணாடிக்கு ஆர்டர் எழுதினேன். படிக்க உதவாத கண்ணுக்கு எந்தப் பவர் போட்டாலும் பயனில்லை. ஆனாலும் மறு பக்கத்தின் கனத்திலேயே ஒன்றைப் போடுவோம், இல்லையென்றால் கண்ணாடி ஒரு பக்கம் சாய்ந்து மூக்கை அழுத்தும். வலது என்ற இடத்தில் எண்ணை எழுதினேன். இடது என்ற இடத்தில், அதே கனம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.