பாலர் சேனையின் நாலு மணி அணிவகுப்பு

சாராள் அப்பாவுக்கு,

"அணிவகுப்புல எல்லாப் பிள்ளைங்களும் கிழக்கே பாத்து ஜப்பான் ராஜாவுக்குக் குனியுதுங்க, நீ மட்டும் ஏன்டி வெறச்சிக்கிட்டு நிக்கிறே?" என்று காலையில் சாராளைக் கேட்டேன்.

"கர்த்தருக்கு மட்டுந்தான் குனியணும்னு அப்பா சொல்லியிருக்காரும்மா."

பாலர் சேனை மாஸ்டர் இதுவரை அவளைக் கடைசி வரிசையில் மறைத்து நிறுத்தி வந்தார். இன்று நாலு மணிக்குப் பண்டார் ஹிலிர் திடலுக்கு ஜப்பான் அதிகாரியே வருகிறானாம். போன வாரம் தெருவில் தனக்குக் குனியவில்லை என்று அவன் அறைந்த பிள்ளைக்கு இன்னும் காது கேட்கவில்லை.

தெங்கேரா கடைத்தெருவில் அரிசிக்கு வரிசையில் நிற்கப் போகிறேன். மரவள்ளிக்கிழங்கு சட்டியில் இருக்கிறது. இதைப் படித்த கோபத்தில் சாப்பிடாமல் இருக்காதீர்கள்.

பி.கு.: வாசல்வரை போய்த் திரும்பி வந்து இதை எழுதுகிறேன். உங்கள் விசுவாசத்துக்குக் குறுக்கே நான் ஒருநாளும் பேசியதில்லை. ஆனால் அவள் என் சொல்லைக் கேட்க மாட்டாள். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், நீங்களே அவளைக் குனியச் சொல்லுங்கள்.