சிவப்பைத் தொடாத மீட்டர்

சென்னை

அன்புள்ள அம்மாவுக்கு,

முட்டுவலி தேவலையா? நான் ஜெயித்துவிட்டேன் அம்மா!

நான் எடிட் செய்த இரண்டு எபிசோடுகளை, சத்தம் கிழிகிறது என்று சேனல் திருப்பி அனுப்பியிருந்தது. சங்கரன்கோவில் தறிச் சத்தத்தில் வளர்ந்த காதுக்கு எல்லாமே மெதுவாகத்தான் கேட்டது. கூட்டிக் கூட்டி வைத்துவிட்டேன். வேலையே போயிருக்கும். இந்த முறை காதை நம்பவில்லை. திரையோரத்தில் சத்தத்தின் அளவைக் காட்டும் மீட்டரையே பார்த்தேன். கோடு ஏறிச் சிவப்பைத் தொட்ட இடத்திலெல்லாம் சத்தத்தைக் குறைத்தேன். ஒரே தடவையில் ஓகே! "இனிமே சவுண்ட் எல்லாம் ஜெயசித்ராதான்" என்றார் முதலாளி.

கொஞ்சம் வத்தல் அனுப்பு. அப்புறம், போன் செய்தால் "இரு மக்கா, தறிய நிறுத்திட்டு வாரேன்" என்பாயே, இனி நிறுத்தாதே. இந்த அறையில் ஒரு சத்தமும் இல்லை. தறி ஓடட்டும், நீ கத்தியே பேசு.

உன்
ஜெயசித்ரா