பாண்டு வாசிக்கச் சொன்ன கவர்

நவ. 8, சனி
வெயில் இல்லை. புகைமூட்டம். கடையில் ஒன்பது பிளவுஸ் தைத்து முடித்தேன். (சரி, ஆறு. மூன்றுக்குக் கொக்கி பாக்கி.) தாராவியில் இந்த வேகம் எவனுக்கு உண்டு?

பொன்னம்மா போய் மூன்று வருஷம். படத்து மாலையை மாற்றினேன். என் பெண்டாட்டிக்குப் போட்ட பூ யார் காலிலும் மிதிபடக்கூடாது. வாராவாரம்போல் பழைய மாலை நம் கடைக் கவருக்குள், இரட்டை முடிச்சு. கோபர்கைரனேயில் மகள் வீட்டுக்குப் போகிற வழி, ரயில் வாசலில் நின்று வாஷி கடற்கழிப் பாலத்தில் வீசினேன். நேரே தண்ணீர். பெட்டியே கைதட்டியது.

பக்கத்தில் ஒரு பெண்: "அங்கிள், பூவைப் போடுங்க, கவர் எதுக்கு?"

"காத்துல பறந்துருமேம்மா." அடுத்த ஸ்டேஷனில் இறங்கிக்கொண்டாள்.

நவ. 9, ஞாயிறு
டிராம்பேயிலிருந்து நண்டு வரவில்லை. அதே கடற்கழியில் மீன்பிடிக்கிற பாண்டு, மராட்டிக்காரன், முப்பது வருஷச் சிநேகிதம். தமிழ் பேசக் கற்றுக்கொடுத்ததே நான்தான். ஞாயிறு தவறமாட்டான். போன் போட்டேன். அவன் சம்சாரம் சுமன் அழுகிறாள். படகு விசிறியில் பிளாஸ்டிக் சுற்றி எஞ்சின் நின்றிருக்கிறது. கைவிட்டு அறுக்கும்போது விசிறி உதறிச் சுழன்றுவிட்டது. வலது கை. இரண்டு விரல் போச்சு.

நவ. 11, செவ்வாய்
டிராம்பே. ஆறுதலுக்கு, மிஷின் ஊசி என் விரலில் பன்னிரண்டு தடவை ஏறிய கதை. சிரித்தான்.

"மீனு கம்மி அண்ணாச்சி. வலை இழுத்தா கவர்தான்."

விசிறியிலிருந்து அறுத்ததை சுமன் வாளியில் கொண்டுவந்தாள். கயிறு, பால் பாக்கெட், ஒரு மஞ்சள் கவர். பாண்டு கவரைக் காட்டினான்.

"இது தமிழ்தானே? நீங்க படிச்ச ஆளு. என்ன எழுதிருக்கு?"

செல்லையா டெய்லர்ஸ், தாராவி. என் கடைப் பேர், ஆசைப்பட்டு அச்சடித்தது. முடிச்சு அவிழவில்லை. உள்ளே பூ, கறுப்பாக, கஞ்சி மாதிரி.

"அழிஞ்சுபோச்சுடே. தெரியல."

கண்ணாடி போட்டிருந்தேன்.

நவ. 13, வியாழன்
ஒரு பிளவுஸுக்கு இரண்டு கையையும் இடதாகவே வெட்டிவிட்டேன். மகள் போன்: "என்னப்பா, சத்தத்தையே காணோம்?" வேலை என்றேன்.

நவ. 16, ஞாயிறு
மறுபடி டிராம்பே. வாளி அங்கேயே. கவரை எடுத்து வாசித்தேன். பேர், ஊர், போன் நம்பர் வரை. மாலை யாருடையது என்பதையும் சொன்னேன்.

பாண்டு இடது கையால் வலைக் கிழிசலைக் கட்டப் பார்த்துக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"மதினிக்குப் போட்ட பூவா?"

"ஆமாடே."

"எத்தனை கவரு போட்டீங்க?"

"வாரம் ஒண்ணு. மூணு வருஷமா."

வலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். சுமன் உள்ளே போனாள். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எப்போதும் வருகிற டீ வரவில்லை.