உன் பதிவும் வந்து சேர்ந்தது

அன்பு மல்லி,

செவ்வாய்க்கிழமை காலை உன் பெயருக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. நீ வேலை பார்த்த மருத்துவமனையில்தான் நீயும் வைத்தியம் பார்த்தாய்; அங்கே அண்ணன் எண்ணைத்தான் கொடுத்திருந்தாய். 'மல்லிகா அவர்களே, உங்கள் சர்க்கரைப் பரிசோதனை நாள் நெருங்குகிறது' என்றிருந்தது. தாம்பரம் நடைமேடையில் வந்த ரயிலை விட்டுவிட்டு அதையே படித்துக்கொண்டு நின்றேன். பழைய மென்பொருளுக்குச் செய்தி அனுப்பத் தெரியாது என்பாய்; இது புதியது அனுப்பியது. அப்படியென்றால் உன் வேலை முடிந்துவிட்டது, மல்லி.

குரோம்பேட்டையில் நீ வேலை பார்த்த மருத்துவமனையின் நோயாளிப் பதிவுகளைப் பழைய மென்பொருளிலிருந்து புதியதற்கு மாற்றும் பொறுப்பு உன்னுடையது. ஒரு வருஷம் திட்டம் போட்டாய். மாற்றும் நாளுக்கு மூன்று வாரம் முன்பு, வீட்டில், மாரடைப்பில் போய்விட்டாய்.

பதிவு கவுன்ட்டரில் செல்வி அக்காவின் பக்கத்தில் நீ ஒரு வாரம் நாற்காலி போட்டு உட்கார்ந்ததைச் சொல்லியிருக்கிறாய். முகவரிக் கட்டத்தில், தெருப் பெயருக்குப் பின்னால், அவர் 'பென்சிலின் ஆகாது' என்று அடித்தாராம்.

"இன்னா மேடம் பண்றது? ஒத்துக்காத மருந்த எழுத இதுல வேற எடம் எங்க கீது? அட்ரஸ்தான் சீட்டுல மேல வரும், டாக்டர் கண்ணுல படும். வருஷக்கணக்கா இப்டித்தான் எழுதிக்கினு கீறோம்."

எந்தக் கையேட்டிலும் இல்லாத அந்த வழக்கத்தை நீ திட்டத்தின் நடுவில் வைத்தாய். எச்சரிக்கையை முகவரியிலிருந்து பிரித்துத் தனிக் கட்டத்தில் சேர்க்க வேண்டும். பழையதிலும் புதியதிலும் பதிவுகளின் எண்ணிக்கை பொருந்தினால் மட்டும் போதாது. நூறு பதிவுகளைச் செல்வி அக்கா கண்ணால் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை பழையதை நிறுத்தக் கூடாது.

"இதில் செய்தி என்ன இருக்கிறது?" என்று அன்று கேட்ட பத்திரிகைக்காரன் நான்.

செவ்வாய் மாலை, உன்னுடன் வேலை பார்த்த ஸ்டீபன் வீட்டுக்கு வந்து மீதியைச் சொன்னார். ஒரு ஞாயிறு காலை மாற்றினார்கள். எண்ணிக்கையில் ஒன்றுகூடக் குறையவில்லை. நாவலூரிலிருந்து வந்த மென்பொருள்காரர்கள் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

"கவுன்ட் மேட்ச் ஆயிடுச்சே சார், இனிமே எதுக்கு ஒவ்வொண்ணா பாக்கணும்?"

"மேடம் எழுதி வச்சிருக்காங்க. பாத்துட்டுதான் சாப்பாடு" என்றாராம் ஸ்டீபன்.

பன்னிரண்டாவது பதிவில் செல்வி அக்கா நிறுத்தினார். "யோவ் ஸ்டீபன், இந்தம்மாவுக்கு பென்சிலின் போட்டா ஆள் காலி. அந்த எழுத்தே காணோமேய்யா!"

நீளமான முகவரிகள் பாதியில் அறுபட்டிருந்தன. கடைசியில் இருந்த எச்சரிக்கைகளும் அதோடு போயிருந்தன. நீ எழுதிய வழியிலேயே பழையதற்குத் திரும்பினார்கள். கோளாறைச் சரிசெய்து, அடுத்த ஞாயிறு மறுபடி மாற்றினார்கள். இந்த முறை நூறும் சரி. கடைசிப் பதிவைப் பார்த்ததும் செல்வி அக்கா எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தாராம்.

முப்பது வருஷம் செய்தி எழுதியவன் கேட்கிறேன், மல்லி. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதை எந்தப் பக்கத்தில் போடுவது?

புதன்கிழமை நான் அங்கே போனேன். செல்வி அக்கா உன் பதிவைத் திறந்து காட்டினார். முகவரிக் கட்டத்தில் நம் செம்பாக்கம் வீட்டு முகவரி மட்டும். தனிக் கட்டத்தில், சிவப்பில், 'சல்ஃபா ஆகாது'. அதற்குக் கீழே, நோயாளியின் நிலை: 'உயிருடன்'.

"டெத் சர்ட்டிபிகேட் காப்பி குடுத்தா மாத்தணும் சார். நானா கேக்க மாட்டேன். எனுக்கு மனசு வரல."

நகல் என் பையில்தான் இருந்தது. எடுக்கவில்லை. கொடுத்துவிட்டால் உன் பெயருக்கு இனி எதுவும் வராது. இன்னும் ஒரு செய்தி வரட்டும் என்று நினைத்தது தப்பா?

தப்புதான். "நூறுல ஒண்ணு தப்பா இருந்தாக்கூட கையெழுத்துப் போட மாட்டேண்ணா" என்பாய். அந்த ஒன்று இப்போது உன்னுடைய பதிவே.

திங்கட்கிழமை கவுன்ட்டர் திறந்ததும் நகலைக் கொடுக்கிறேன். செல்வி அக்கா மாற்றி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று, சரியாக இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வருவேன்.

உன் பதிவில் 'உறவினர்' என்ற கட்டத்தில் இருக்கும்,
உன் அண்ணன்