பீடத்துணியில் விழுந்த கறை

என் பிலோமி,

நீ போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. நீ உயிரோடு இருந்தவரை உனக்கு ஒரு கடுதாசிகூட எழுதியதில்லை. அடுப்படியில் இருக்கிறவளுக்கு எதற்குக் கடுதாசி என்று இருந்துவிட்டேன். இப்போது எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கட்டும், நான் எப்படிப்பட்ட ஆள் என்று தெரிந்துகொள்ளட்டும்.

ஊருக்குக் கரண்ட் வந்த மறு வருஷம் ஆழமாகக் குழாய் இறக்கி, திண்டிவனத்திலிருந்து மோட்டார் கொண்டுவந்து மாட்டினார்கள். அதை ஓட்டுகிற வேலை எனக்குக் கிடைத்தது. முதல் தண்ணீரை டம்ளரில் பிடித்து வெயிலில் தூக்கிக் காட்டினேன். பளிங்கு மாதிரி இருந்தது. “இன்னாங்க, பொறந்த கொழந்தைய காட்ற மாரி காட்டிக்கினு கீறீங்க?” என்று சிரித்தாய்.

அந்தத் தண்ணீரில்தான் கோயிலில் பூசைப் பீடத்தின் மேல் விரிக்கிற துணிகளையும் துவைத்தாய். உன் அம்மா காலத்திலிருந்து உங்கள் வீட்டுக்கு வந்த வேலை அது. உன் கையில் போன துணி சுருக்கமில்லாமல் வெள்ளையாகத்தான் திரும்பும். அதில் பழுப்புத் திட்டு வந்ததும் பதறிப்போய் பிளீச்சிங் பவுடர் வாங்கி வந்து ஊறவைத்தாய். திட்டு கறுத்தது. இன்னும் அள்ளிப் போட்டாய். இன்னும் கறுத்தது.

சாமி உயிர்த்த பாஸ்கு திருநாளுக்கு முந்தின வாரம், கோயில் காரியம் பார்க்கிற உபதேசியார் அந்தத் துணியை எல்லோர் முன்னாலும் விரித்தார். “பீடத்துல போட்றதும்மா இது, வூட்டுல கை தொடைக்கிற துணி இல்ல” என்றார். நீ என்னைப் பார்த்தாய். நான் என்ன சொன்னேன்? “தண்ணில ஒரு கொறையும் இல்லீங்க. இவ கைதான் சரியில்ல.”

கோயில் துணி துவைக்கிற வேலை திண்டிவனத்தில் ஒரு வீட்டுக்குப் போனது. அங்கிருந்து துணி வெள்ளையாகத் திரும்பி வந்தது. அது போதாதா ஊருக்கு? அதற்குப் பிறகு நீ கோயிலில் தூணுக்குப் பின்னால்தான் உட்கார்ந்தாய். அடுத்த மார்கழியில் நிமோனியா வந்தது. கெட்ட பெயரோடுதான் உன்னைப் புதைத்தேன்.

போன மாதம் குழாய் அடைத்துக்கொண்டது. கழற்றினால் உள்ளே செந்நிறத்தில் கூழ் மாதிரி வழவழவென்று இருந்தது. விழுப்புரத்திலிருந்து தண்ணீர் சோதிக்கிற அதிகாரி ஒருவர் வந்தார். இரண்டு பாட்டிலில் நம் பம்புத் தண்ணீரைப் பிடித்தார். இரண்டும் பளிங்குதான். ஒன்றை அப்படியே வைத்தார். சாயங்காலத்துக்குள் அது சிவந்துவிட்டது. இன்னொன்றில் பிளீச்சிங் பவுடர் ஒரு சிட்டிகை போட்டார். என் கண் முன்னாலேயே கருமையாகக் கலங்கியது, பிலோமி.

“பூமிக்கு அடியில காத்து கெடையாதுங்க” என்றார் அவர். “அங்க கீற கிருமிங்க கல்லுல இருக்குற இரும்பையும் மாங்கனீசையும் தண்ணில கரைச்சி வுட்டுடுது. கரைஞ்சி கெடக்கறப்ப கண்ணுக்குத் தெரியாது. மேல வந்து காத்து பட்டா இரும்பு துருவாயிடும். மாங்கனீசு லேசுல மாறாது. பிளீச்சிங் பவுடர் பட்டா கருப்பா துணியில ஒக்காந்துக்கும்.” குழாயை அடைத்த கூழிலும் கிருமிகள்தானாம். அவை வேறு வகை. இரும்பைத் துருவாக்கி, அதிலேயே பிழைப்பவை.

தெருவில் மற்றவர்கள் கட்டியது கலர் சேலை. வேட்டி பழுத்தால் நீலம் போட்டுச் சமாளித்தார்கள். பவுடர் போட்டவள் நீ ஒருத்திதான். சாமிக்குப் போகிற துணியாயிற்றே என்று போட்டாய்.

இப்போது தண்ணீரை ஜல்லி மேல் கொட்டவிட்டு, காற்றுப் படவைத்து, மணலில் வடிகட்டி விடுகிறோம். பங்குச் சாமியாரிடமும் போய்ச் சொல்லிவிட்டேன். பிலோமினா மேல் ஒரு குற்றமும் இல்லை என்று வரும் ஞாயிறு பூசையில் தானே சொல்வதாகச் சொன்னார். ஊரில் எல்லோரும் என்னைப் பார்த்து இரக்கப்படுகிறார்கள். “ஒனக்கு எப்டிப்பா தெரியும், நீ இன்னா பண்ணுவ?” என்கிறார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அவர்களுக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. முதல் கறை வந்த வாரம், நீ குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து கேட்டாய். “ஒரே ஒரு தபா கொல்லைக் கெணத்துத் தண்ணில அலசிப் பாக்கட்டுமாங்க?”

குடத்தைப் பிடுங்கிக் கீழே வைத்தேன். “பம்பு ஓட்றவன் பொண்டாட்டியே கெணத்துக்குப் போனா ஊரு இன்னா பேசும்?” என்று கத்தினேன்.

“சரிங்க” என்றாய். அப்புறம் நீ கேட்கவே இல்லை. ஏன் பிலோமி இன்னொரு தடவை கேட்கவில்லை? எனக்குத் தெரியாமலாவது ஒரு குடம் இறைத்திருக்கக் கூடாதா?

ஞாயிற்றுக்கிழமை சாமியார் பேசி முடித்ததும் நான் எழுந்து நிற்பேன். அவள் கேட்டாள், நான்தான் போகவிடவில்லை என்று எல்லோர் முன்னாலும் சொல்வேன். சத்தியம். அதற்குப் பிறகு யாரும் என்மேல் இரக்கப்பட மாட்டார்கள். எனக்கு அந்த இரக்கம் வேண்டாம்.

இப்படிக் கையெழுத்துப் போட இன்னும் எனக்கு உரிமை இருந்தால்,
உன் புருஷன்
சூசை